வெயில் வேண்டாம், வெளிச்சம் வேண்டும்

சூரியனிலிருந்து வருவது ஒன்றே ஆயினும், அதற்குத் தமிழின் அன்றாட வழக்கிலேயே இரண்டு சொற்கள் இருக்கின்றன. உடலைச் சுடுவது வெயில். கண்ணுக்குத் துணைசெய்வது வெளிச்சம். கட்டடங்களின் உட்புறத்துக்குச் சூரிய ஒளியைக் கொண்டுவந்து, பகலில் எரியும் மின்விளக்குகளை அணைக்க வழிசெய்யும் கலையைப் பகலொளி அமைப்பு என்று குறிப்பிடலாம். வெப்ப நாடுகளைப் பொறுத்தவரை அக்கலையின் சாரம் முழுவதும் இந்த இரண்டையும் பிரித்தெடுப்பதிலேயே அடங்கியிருக்கிறது. குளிர்நாடுகளில் ஜன்னல் வழியே வெயிலும் சேர்ந்து நுழைந்தால் அறையைச் சூடாக்கும் செலவு குறைகிறது என்பதால், அங்கே அதுவும் வரவேற்கப்படுகிறது. சென்னையிலோ மதுரையிலோ அதே வெயில் அறைக்குள் விழுந்தால், விளக்கில் மிச்சமாகும் மின்சாரத்தைவிட ஏசிக்குக் கூடுதலாகும் மின்சாரம் பலமடங்காகிவிடுகிறது. எனவே பெரிய ஜன்னல் வைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்ற பொதுவான நம்பிக்கை, நம் நாட்டுக்குப் பாதிதான் பொருந்தும்.

இதை அளவுகளைக் கொண்டு பார்ப்பது நல்லது. ஒரு விளக்கோ திறப்போ தரும் மொத்த ஒளியை லூமன் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு லூமன் ஒளி ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் சீராகப் பரவினால், அங்கு இருக்கும் வெளிச்சத்துக்கு ஒரு லக்ஸ் என்று பெயர். உச்சிவேளை வெயில் நேரடியாக விழும் தரையில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். வானம் முழுவதும் மேகம் மூடியிருக்கும் நாளிலும் திறந்த வெளியில் 10,000 லக்ஸ் அளவுக்குக் கிடைக்கும். ஆனால் மேசைமேல் புத்தகத்தை வைத்துப் படிக்கவோ அலுவலக வேலை பார்க்கவோ 300 முதல் 500 லக்ஸ் போதும். அதாவது வெளியே கொட்டிக் கிடப்பதில் இருநூற்றில் ஒரு பங்கோ முந்நூற்றில் ஒரு பங்கோ உள்ளே வந்தால் அறைக்குப் போதுமானது. மீதியை உள்ளே விடுவதில் பயன் எதுவும் இல்லை.

உள்ளங்கையளவு, அதாவது பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில், கூரையில் ஒரு துளை இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதன் வழியே உச்சிவேளையில் நுழையும் ஒளி சுமார் 1,000 லூமன். சந்தையில் கிடைக்கும் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று தருவதும் ஏறக்குறைய அவ்வளவே. அந்தத் துளை வழியே ஒளியோடு சேர்ந்து வரும் வெப்பம் சுமார் 10 வாட் என்பதால், வெப்பக் கணக்கிலும் துளையும் பல்பும் சமமாகவே நிற்கின்றன. பழைய குண்டு பல்பு இதே வெளிச்சத்தைத் தர 75 வாட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் சூரிய ஒளியே குளிர்ச்சியான விளக்காக இருந்தது. இனி அதே துளையை ஒரு சதுர மீட்டராகப் பெரிதாக்கினால், நூறு பல்புகளின் வெளிச்சமும் அதோடு 1,000 வாட் வெப்பமும் ஒரே இடத்தில் வந்து விழும். அவ்வளவு வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும். அந்த வெப்பமோ சிறிய மின்னடுப்பு ஒன்றை அறையில் எரியவிட்டதற்குச் சமம். மாலை மூன்று, நான்கு மணி வெயில் விழும் மேற்குச் சுவரில் சாதாரணக் கண்ணாடி ஆறு சதுர மீட்டர் இருந்தால், அது உள்ளே விடும் வெப்பத்தை வெளியேற்றவே ஒரு டன் ஏசியின் திறனில் பெரும்பகுதி செலவாகிவிடும்.

இந்தியத் தரநிர்ணய நிறுவனத்தின் பகலொளி வழிகாட்டி இந்த வேறுபாட்டை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. அது நேரடி வெயிலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வானத்தின் பரவலான ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் 8,000 லக்ஸ் என்று குறைவாகவே மதிப்பிட்டு, அதில் எத்தனை விழுக்காடு அறைக்குள் வந்து சேர்கிறது என்று பார்க்கிறது. அந்த விழுக்காட்டுக்குப் பகலொளி விகிதம் என்று பெயர். விகிதம் 1 என்றால் மேசைமேல் 80 லக்ஸ், 2 என்றால் 160 லக்ஸ். நம் வீடுகளின் நடு அறைகள் பலவற்றில் இந்த விகிதம் ஒன்றைக்கூட எட்டுவதில்லை என்பதைப் பகல் பதினொரு மணிக்கும் அங்கு எரியும் டியூப் லைட்டே சொல்லிவிடும்.

மின்சாரம் வருவதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் இந்த அளவறிவு கைப்பழக்கமாகவே இருந்தது. ஓட்டு வீட்டின் அடுப்படிக்கு மேலே, மண் ஓடுகளுக்கு நடுவில், அதே வடிவில் வார்த்த கண்ணாடி ஓடு ஒன்றைப் பதிப்பது வழக்கம். பத்துக்குப் பதினாறு அங்குலம் அளவுள்ள அந்த ஒரே ஓடு, அடுப்பையும் அம்மியையும் பார்க்கப் போதுமான வெளிச்சத்தைத் தந்தது; கூரைப் பரப்பில் அது மிகச் சிறிய பங்கு என்பதால் அறையைச் சூடாக்கவில்லை. அதன் வழியே விழும் வெயில் துண்டு தரையில் மெல்ல நகர்ந்து செல்வதைப் பார்த்தே நேரம் கணித்த குடும்பங்கள் உண்டு. அடுப்புப் புகை படிந்து ஓடு மங்கும்போது ஏணி வைத்து ஏறித் துடைப்பதும் வீட்டு வேலைகளில் ஒன்றாக இருந்தது. துடைக்காத கண்ணாடி பாதி வெளிச்சத்தை விழுங்கிவிடும் என்பது இன்றைய கூரைச் சாளரங்களுக்கும் பொருந்தும்.

செட்டிநாட்டு வீடுகளில் இதே அறிவு பேரளவில் வேலை செய்கிறது. வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் வளவு என்னும் நடு முற்றமும், அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரமும், தாழ்வாரத்துக்கு அப்பால் அறைகளும் என்ற அடுக்கில், வெயில் முற்றத்தின் தரையோடும் தாழ்வாரத்தின் விளிம்போடும் நின்றுவிடுகிறது. அங்கிருந்து எதிரொளித்து வரும் வெளிச்சம் மட்டும் தாழ்வாரத்தைக் கடந்து அறைகளுக்குள் செல்கிறது. சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் சேர்த்துப் பூசி மெருகேற்றிய அந்த வெள்ளைச் சுவர்களை வெறும் அழகுக்கானவை என்று எண்ணுவது தவறு. தன்மேல் விழும் ஒளியில் வெள்ளைச் சுவர் பத்தில் எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்புகிறது. அடர்ந்த நிறம் பூசிய சுவர் இரண்டு, மூன்று பங்கோடு நிறுத்திக்கொள்கிறது. நான்கு முறை எதிரொளித்த பின், முன்னதில் நூற்றில் நாற்பது மிஞ்சும். பின்னதில் ஒன்றுகூட மிஞ்சாது. உள் அறையின் மூலை வரை வெளிச்சம் போய்ச் சேர்வதும் சேராததும் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பொறுத்ததே. சுவருக்கும், அதைவிட முக்கியமாக மேற்கூரையின் அடிப்புறத்துக்கும், வெள்ளை அடிப்பதைவிட மலிவான பகலொளிச் சாதனம் இன்றுவரை வரவில்லை.

மேலை நாடுகளிலும் மின்விளக்கு விலையுயர்ந்ததாக இருந்தவரை கட்டடங்கள் வானத்தை நம்பியே நின்றன. 1890களின் இறுதியில் சிகாகோவின் லக்ஸ்ஃபர் நிறுவனம், ஒருபுறம் வரிவரியாகப் பட்டை தீட்டிய சிறு கண்ணாடிச் சதுரங்களைக் கடைகளின் முகப்பு ஜன்னல்களுக்கு மேலே பதிப்பதற்காக விற்றது. மேலிருந்து சாய்வாக வரும் ஒளியை அந்தப் பட்டைகள் வளைத்து, படுக்கைவாட்டில் கடையின் ஆழம் வரை அனுப்பின. 1930களின் இறுதியில் டியூப் லைட் விற்பனைக்கு வந்தபின் அதற்கான தேவை மறைந்தது. குறைந்த மின்சாரத்தில் நிறைய வெளிச்சம் தந்த அந்த விளக்கும், அதோடு பரவிய குளிர்சாதன வசதியும் சேர்ந்து, ஜன்னலிலிருந்து வெகுதூரத்திலும் மேசை போடலாம் என்ற துணிவைக் கட்டடக் கலைஞர்களுக்குக் கொடுத்தன. அலுவலகங்கள் அகன்று பருத்தன. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோதுதான், பகல் முழுவதும் விளக்கெரிக்கும் கட்டடம் எவ்வளவு செலவு வைக்கிறது என்ற கேள்வி மீண்டும் எழுந்தது.

ஜன்னலைப் பற்றிய முதல் உண்மை, அதன் அகலத்தைவிட உயரமே முக்கியம் என்பது. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு தூரம் வரைதான் பயனுள்ள வெளிச்சம் அறைக்குள் செல்லும். நம் ஊரில் கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் ஏழடி உயரத்தில் லிண்டல் போட்டுவிடுவது கொத்தனார்களின் வழக்கம் என்பதால், பத்தடி உயர அறையில் மேல் மூன்றடிச் சுவர் வெறுமனே நிற்கிறது. வானத்தின் பிரகாசமான பகுதியைப் பார்க்கக்கூடிய இடம் அந்த மூன்றடிதான். பழைய அரசுப் பள்ளிக் கட்டடங்களில் கூரையை ஒட்டி வைத்த வெண்டிலேட்டர்கள் வெப்பக்காற்றை வெளியேற்றியதோடு, வகுப்பின் உட்பகுதிக்கு வெளிச்சமும் தந்தன. மாணவர்களின் இடப்பக்கம் ஜன்னல் வருமாறு வகுப்பறையை அமைத்தால் எழுதும் வலக்கையின் நிழல் தாளில் விழாது என்பதையும் அக்காலப் பள்ளித் திட்டங்கள் கவனித்தன. இன்று வெண்டிலேட்டர் குளியலறைக்கு மட்டுமே உரியதாகச் சுருங்கிவிட்டது பெரிய இழப்பு.

இரண்டாவது உண்மை திசை பற்றியது. வடக்கு ஜன்னலில் வெயிலே படாது என்று ஐரோப்பிய நூல்கள் சொல்வது ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் உண்மை. 13 பாகை வட அகலாங்கில் இருக்கும் சென்னையில், ஏப்ரல் இறுதி வாக்கில் சூரியன் நேர் உச்சியைக் கடந்து, ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலில் வடக்கு வானத்திலேயே நிற்கிறது. ஆனால் அந்த மாதங்களில் அது ஏறக்குறைய தலைக்குமேல் இருப்பதால் தடுப்பது எளிது. ஜூன் மாத உச்சிவேளையில் வடக்குச் சுவரில் ஓரடி நீட்டிய சன்ஷேட், அதன் கீழே ஐந்தடிக்கு மேல் நிழல் தரும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால், தெற்குச் சுவரில் அதே ஓரடி சன்ஷேட்டின் நிழல் ஒன்றேகால் அடியைச் சற்றே தாண்டும். அங்கு இரண்டரை அடி நீட்டினால்தான் ஜன்னலின் பெரும்பகுதிக்கு நிழல் கிடைக்கும். மேற்கிலோ, மாலை வெயில் முகத்துக்கு நேரே சாய்ந்து வருவதால் ஓரடிக்கு ஏழு அங்குல நிழலே கிட்டும். அங்கே சன்ஷேட் பயன்படாது. செங்குத்துப் பட்டைகளோ ஜாலிச் சுவரோ மரமோ வேண்டும், அல்லது ஜன்னலையே சிறிதாக்க வேண்டும். இவ்வளவு வேறுபாடு இருந்தும், நான்கு பக்கமும் ஒரே அளவில் சன்ஷேட் வார்க்கப்படுவது, சூரியனை ஒருமுறைகூட அண்ணாந்து பாராமல் வரைபடம் போடப்படுகிறது என்பதற்கே சான்று.

இதே சன்ஷேட்டை ஒளி ஊட்டும் கருவியாகவும் மாற்றலாம். ஜன்னலின் உச்சிக்கு மேல் வார்ப்பதற்குப் பதிலாக, உச்சியிலிருந்து ஒன்றரை அடி கீழே வார்த்து, அதன் மேற்பரப்புக்கு வெள்ளை அடித்துவிட்டால், கீழ்ப்பகுதி ஜன்னலுக்கு அது நிழல் தருகிறது. மேலே விழும் வெயிலை மேற்பகுதி வழியாக அறையின் கூரைக்கு எறிகிறது. வெள்ளைக் கூரை அதை மெல்லப் பரப்பி உட்பகுதிக்கு அனுப்புகிறது. ஒளித்தட்டு எனப்படும் இந்த அமைப்பு தெற்குப் பக்கத்தில் மிக நன்றாகப் பயன்படும்.

வெளிச்சத்தையும் வெயிலையும் பிரிக்கும் கலையின் உச்சத்தைப் பார்க்க விரும்புவோர் புதுச்சேரிக்குச் செல்லலாம். அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடமான கோல்கொண்டே கட்டடத்தை டோக்கியோவில் பணியாற்றிய அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார்; அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் நகாஷிமா, ஃபிரான்டிஷெக் சாம்மர் ஆகியோர் நேரில் தங்கி வேலையை மேற்பார்த்தனர். 1930களின் இறுதியில் தொடங்கி 1940களில் முடிந்த இக்கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் ஏறத்தாழ வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. அவற்றில் கண்ணாடி ஜன்னல் கிடையாது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் தரையிலிருந்து கூரைவரை படுக்கைவாட்டுப் பட்டைகள் அடுக்கப்பட்டு, அவற்றைக் கையால் திருப்பிச் சாய்வை மாற்றிக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. பட்டையைச் சாய்த்தால் வெயில் அதன் முதுகிலேயே நின்றுவிடும். ஒரு பட்டையின் முதுகில் பட்ட ஒளி அடுத்த பட்டையின் அடிப்புறத்தில் எதிரொளித்து, கூசாத வெளிச்சமாக அறைக்குள் இறங்கும். காற்றும் அதே வழியில் நுழையும். அறைக்கும் நடைபாதைக்கும் இடையே மரச்சட்டங்களாலான நகரும் கதவுகள் இருப்பதால், கதவை மூடினாலும் காற்றோட்டம் தடைப்படுவதில்லை. வங்கக் கடலின் புழுக்கத்துக்கு நடுவே, குளிர்சாதனக் கருவி இல்லாமலே தங்கத்தக்கதாக அக்கட்டடம் அமைந்தது.

ஜன்னலுக்கு எட்டாத இடங்களுக்குக் கூரையே வழி. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவுக்கூடங்களில் தொடங்கி இந்தியாவின் பஞ்சாலைகள்வரை பரவிய ரம்பப்பல் கூரை, வடக்கு பார்த்த செங்குத்தான முகங்களில் மட்டும் கண்ணாடி பதித்து, நூலின் நிறமும் இழையும் தெளிவாகத் தெரியும் சீரான வெளிச்சத்தைத் தந்தது. வீடுகளுக்கு ஒளிக்குழாய் இருக்கிறது: மொட்டை மாடியில் ஒரு கவிழ்த்த கிண்ணம் போன்ற தெளிந்த மூடி, அதன் கீழே உட்புறம் கண்ணாடிபோலப் பளபளக்கும் ஓரடி அகலக் குழாய், அறையின் கூரையில் ஒளியைப் பரப்பும் பால் நிறத் தட்டு. குழாயின் உட்பூச்சில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஒவ்வொரு எதிரொளிப்பிலும் நூற்றுக்கு 95 பங்கைத் திருப்பும் பூச்சாக இருந்தால், பத்து எதிரொளிப்புக்குப் பின் 60 பங்குதான் மிஞ்சும். 99 பங்கைத் திருப்பும் பூச்சில் 90 பங்கு மிஞ்சும். வாங்குவோர் விலைக்கு முன் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான். ஜப்பானின் ஹிமவாரி போன்ற கருவிகள் சூரியனைத் தொடர்ந்து திரும்பி, வில்லைகளால் ஒளியைக் குவித்து, கண்ணாடி இழைகள் வழியே அடித்தளம்வரை கொண்டுசெல்கின்றன. வேலை செய்யும் முறை வியப்பூட்டுவதுதான், ஆனால் சாதாரண வீட்டுக்கு அந்த விலை கட்டுபடியாகாது.

மறுமுனையில், பிரேசிலின் உபெராபா நகரத்து மெக்கானிக் ஆல்ஃப்ரெடோ மோசர், மின்தட்டுப்பாடு நிலவிய காலத்தில், 2002 வாக்கில் உருவாக்கிய விளக்கு இருக்கிறது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பாசி பிடிக்காதிருக்க இரண்டு மூடி பிளீச்சிங் திரவம் ஊற்றி, தகரக் கூரையில் துளையிட்டுப் ஒரு பகுதி வெளியேயும் மீதி உள்ளேயும் நிற்கும்படி பொருத்தி, சுற்றிலும் நீர் கசியாமல் பிசின் பூசினால் போதும். மேலே விழும் வெயிலைத் தண்ணீர் வளைத்து எல்லாப் பக்கமும் சிதறவிடுவதால், ஜன்னலில்லாத குடிசையில் 40 முதல் 60 வாட் குண்டு பல்பு எரிந்தாற்போல் இருக்கும். 2011இல் பிலிப்பைன்ஸில் இலாக் டியாஸ் இதைப் பெரிய இயக்கமாக்கினார். தகரக் கூரையின் கீழ் பட்டப்பகலிலும் இருட்டில் சமைக்கும் பெண்களுக்கும், அந்த இருட்டிலேயே வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைகளுக்கும் இது மின்சாரச் சேமிப்பைவிடப் பெரிய உதவி.

இனி, மிச்சமாகும் மின்சாரம் எவ்வளவு என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். வீட்டில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று தினமும் பத்து மணிநேரம் எரிந்தாலும் ஆண்டுக்கு 33 யூனிட்தான் ஆகும். தவறான திசையில் வைத்த ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல், ஏசி வழியாக அதைச் சில நாட்களிலேயே தின்றுவிடும். அலுவலகங்களின் கணக்கு வேறு. 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள அலுவலகத்தில் சதுர மீட்டருக்கு 8 வாட் விளக்கு, நாளுக்கு 9 மணிநேரம், ஆண்டுக்கு 250 நாள் எரிகிறது என்று கொண்டால் 18,000 யூனிட். அந்த விளக்குகளின் சூட்டை வெளியேற்ற ஏசி எடுப்பதையும் சேர்த்தால் 24,000 யூனிட்டை எட்டும். வெளிச்சத்தைவிட வெப்பத்தைக் குறைந்த பங்கில் உள்ளே விடும்படி கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சிட்ட கண்ணாடிகள் இப்போது கிடைப்பதால், இந்தச் செலவில் கணிசமான பங்கைக் குறைக்க முடியும்.

ஆனால் வெளிச்சம் வருவதால் மட்டும் மீட்டர் ஓடுவது நின்றுவிடாது. விளக்கு அணைந்தால்தான் நிற்கும். சென்னையின் கண்ணாடி முகப்புக் கட்டடங்கள் பலவற்றில், கூசும் வெயிலைத் தாங்க முடியாமல் காலையிலேயே பிளைண்ட்ஸ் இறக்கப்பட்டு, அதன் பின்னால் எல்லா விளக்குகளும் இரவுவரை எரிவதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். வெப்பத்தையும் உள்ளே விட்டு, வெளிச்சத்தையும் இழந்து, விளக்குக்கும் ஏசிக்கும் சேர்த்துப் பணம் கட்டும் கட்டடத்தைவிட, ஜன்னலே இல்லாத கட்டடம் சிக்கனமானது. இதற்கு மருந்தும் எளிது: ஜன்னலுக்கு இணையாக உள்ள விளக்கு வரிசைகளுக்குத் தனித்தனி சுவிட்சு வைத்து, முதல் இரண்டு வரிசைகளை வெளிச்சத்தை உணரும் கருவியோடு இணைத்துவிட்டால், அவை தாமாகவே மங்கி அணையும். எல்லா வரிசைகளையும் ஒரே சுவிட்சில் கட்டிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஓரத்தில் ஒருவருக்கு இருட்டாக இருந்தால் அரங்கம் முழுவதும் எரிகிறது.

இவை எல்லாவற்றுக்கும் பொருத்தமான நேரம் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் இருக்கிறது. புதிதாக வீடு கட்டுவோர் பொறியாளரிடமும் கொத்தனாரிடமும், எந்த அறைக்கு எந்த மாதத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வெயில் வரும், லிண்டலை ஓரடி ஏற்ற முடியுமா, மேற்குச் சுவரின் ஜன்னலைப் பாதியாக்கிக் கூரையை ஒட்டி வெண்டிலேட்டர் வைக்கலாமா என்று கேட்டு வரைபடத்தைத் திருத்தி வாங்குங்கள். அதற்குச் செலவு அதிகம் இல்லை.